எட்டு கேம், ஒரே டிஸ்க்

இல்லம்மா, எட்டுன்னுதான் போட்டிருக்கான், ஆனா எட்டு கெடையாது. நான் எண்ணிப் பாத்தா ஆறரைதான் வரும். அதுக்காகக் கீழ வச்சிடாதீங்க. கையிலயே வச்சிருங்க. முப்பத்தொம்பது வெள்ளிக்கு ஆறரையே நல்ல கணக்குதான்லா.

நான் கடைக்காரன் இல்லம்மா. தவுக்கே அதோ கவுண்டர்ல உட்கார்ந்து மீ நூடுல்ஸ் சாப்பிடுறார் பாருங்க, அவருதான் கடைக்காரர். நானும் உங்கள மாதிரி வந்தவன். நீங்க பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு, இது வாங்கலாமா வேணாமான்னு வாய்விட்டே கேட்டீங்க. ஒரு கேள்வி காதுல விழுந்துட்டா பதில் சொல்லாம இருக்க எனக்குத் தெரியாது. அது ஒரு வியாதி. அங்கிள்னே கூப்பிடுங்க, பரவால்ல, தலைய பாத்தாலே தெரியுதே.

மேருவா? மேருல எங்க? கையுறை ஃபேக்டரிலயா? அட, கம்பெனி டின்னர் லக்கி ட்ராவுல விழுந்துச்சா இந்த கேம் மெஷினு! ரெண்டாவது பரிசா? மொதப் பரிசு என்னவாம்? மோட்டர் சைக்கிளா. மோட்டர் விழுந்திருந்தா ஓட்டிட்டாவது போயிருப்பீங்க. இது மூணு மாசமா டிவிக்குக் கீழ துணி போத்தி உட்கார்ந்திருக்குதாக்கும். சரி சரி, சிரிக்கல. கேம் இல்லாத மெஷினு மேல துணி போத்தறதுதான் மரியாதை.

யார் விளையாடப் போறா? வீட்டுக்காரரும் நீங்களும்? மாமியாருமா! அப்ப இதான் உங்களுக்கு. யோசிக்கவே வேணாம், கவுண்டருக்குப் போங்க. நான் வரல, நான் இங்கயே இந்த ஷெல்ஃபு பக்கம் நிக்கிறேன். நீங்க மட்டும் போய்க் கட்டிட்டு வாங்க.

ஏன் ஆறரையா? நல்லாக் கேட்டீங்க. ஏழாவது கேமும் எட்டாவது கேமும் ஒண்ணேதான். ஒண்ணு பகல், ஒண்ணு ராத்திரி. அதே ஆடு, அதே மலை. மேல நிலா வரைஞ்சிட்டு வேற பேரு வச்சிட்டான். கலரு மாத்தினா வேற கேம் ஆயிடுமா? ஆகாது. அப்ப ஏழு. அஞ்சாவது கேமு பாடுறது. அதுக்கு மைக்கு வேணும், மைக்கு பெட்டியில கெடையாது, தனியா வாங்கணும், இப்ப எங்கயும் விக்கிறதில்ல. மைக்கு இல்லாம விளையாடினா அந்தப் பொண்ணு மட்டும் பாடும், நீங்க கேட்டுக்கிட்டு இருக்கலாம். அதுக்கு அரை மார்க்கு. ஆறரை.

மத்ததெல்லாம் நல்லாருக்கும். இதெல்லாம் மொதல்ல கடையில வந்த கேம் கெடையாதும்மா. இண்டர்நெட்ல ஒண்ணொண்ணா இறக்கிக்கிற சின்னச் சின்ன கேம். ஒண்ணு பதினஞ்சு, இருபது வெள்ளி. அப்புறம் எட்டையும் சேத்து ஒரே டிஸ்க்ல அடைச்சு மலிவா வித்தான். இப்ப அந்த இறக்குற பக்கத்தையே மூடிட்டான். அதனால இந்த டிஸ்க் இருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. இந்தக் கடையில இது ஒண்ணுதான் இருக்கு. ஆமா, ஒண்ணே ஒண்ணு. நான் சும்மா சொல்லல, தவுக்கே ஃபோன்லயே சொன்னாரு.

என்கிட்ட இல்லம்மா, வேற ஒருத்தர்கிட்ட சொன்னாரு. அத விடுங்க.

குறையும் சொல்லிடுறேன். நான் கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளரா இருந்தவன், இருபத்தெட்டு வருஷம். சாட்சி தமிழ்ல சொல்லுவான், நான் மலாய்ல சொல்லுவேன். ஒரு சொல்லக் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அந்தப் பழக்கத்துல ஒரு டிஸ்க்க விக்கணும்னாக்கூட எனக்குப் பொய் வர மாட்டேங்குது. மீன் பிடிக்கிற கேம் ஒண்ணு இருக்கு, ஒரே தூக்கம். மொத மீன் வர்றதுக்குள்ள கோப்பி போட்டுக் குடிச்சிட்டு வந்திடலாம். கட்டை அடுக்குற கேமுல எழுத்து ரொம்பப் பொடிசு, மாமியாருக்குக் கண்ணு எப்படி? அப்புறம், உலகத்துல யாரு எத்தனையாவதுன்னு காட்டுற பக்கம் வேலை செய்யாது, அதை மூடி ரொம்ப வருஷமாச்சி.

ஐயோ, வச்சிட்டீங்களே! எடுங்கம்மா எடுங்க. நான் பேசினாலே இப்படித்தான். வாங்க வைக்கணும்னு ஆரம்பிச்சேன்.

நானா? நான் வேற மாதிரி கேம் விளையாடுறவன். பெரிய கதை, எண்பது மணி நேரம், நூறு மணி நேரம் போகும், ஒரு ராஜ்யமே கவுந்துடும். பிரிக்பீல்ட்ஸ்ல எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருக்கு, நாவல் படிக்கிறவங்க. அதுல நான் ஒரு தடவ கேமும் இலக்கியம்தான்னு முக்கா மணி நேரம் பேசினேன். ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க, ஒருத்தர் தூங்கிட்டாரு. இந்த மாதிரி சின்ன கேமெல்லாம் எனக்கு, எப்படிச் சொல்றது, கச்சான் மாதிரி. கொறிக்கலாம், சாப்பாடுன்னு சொல்ல முடியாது. அப்படித்தான் வீட்ல சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஆமா, எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சி. இருந்துச்சின்னுதான் சொன்னேன்.

அதுல மூணாவது கேம் பாருங்க, லிஃப்ட் கேம். பெட்டிக்குப் பின்னால படம் இருக்கே, பன்னெண்டு மாடி கட்டடம். ஒவ்வொரு மாடியிலயும் ஆளுங்க நிப்பாங்க. யாரு எந்த மாடிக்குப் போகணுமோ கொண்டுபோய் விடணும். லேட்டானா மூஞ்சி செவந்து கத்துவாங்க. அவ்வளவுதான் கேம். எங்க வீட்டுக்காரம்மா அரசாங்க கிளினிக்ல நம்பர் குடுக்கிற கவுண்டர்ல இருந்தவங்க, இருபத்தாறு வருஷம். கத்துற கூட்டமெல்லாம் அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. கண்ணாடிய மூக்கு நுனியில வச்சிக்கிட்டு, வாயில முறுக்கு, கை மட்டும் ஓடும். பன்னெண்டு மாடியும் காலி பண்ணிட்டு, பாவம்யா, இன்னும் யாரும் இல்லியான்னு கேப்பாங்க.

நான் ரெண்டு மாடி தாண்ட மாட்டேன். எனக்கு அந்த லிஃப்ட் எப்பவும் தப்பான பக்கம் போகும்.

நீங்க உங்க மாமியாரோட விளையாடி ஜெயிச்சிட்டா வீட்ல என்ன ஆகும்? இல்ல, சும்மா கேக்குறேன். சிரிப்பாங்களா? குடுத்து வச்சவங்க.

மணி என்னம்மா? பன்னெண்டேகாலா? அலமாக். எஸ்கலேட்டர் பக்கம் கொஞ்சம் பாத்துக்குங்க, பச்சை சுடிதார், முடி கட்டையா வெட்டியிருக்கும், அம்பது அம்பத்தஞ்சு வயசு. வந்தா சொல்லுங்க. என் கொழுந்தியா, தனலெட்சுமி, தனான்னு கூப்பிடுவோம். கீழ காடிக்குப் பார்க்கிங் தேடிக்கிட்டிருக்கா. சனிக்கிழமை கிள்ளான்ல பார்க்கிங் கெடைக்கிறதுக்கு இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும். அவ இந்த டிஸ்க்க வாங்கத்தான் வர்றா. அதுக்குள்ள நீங்க வாங்கிட்டுக் கெளம்பணும்.

ஏன்னா, அவ வாங்கக்கூடாது. கெட்டவ இல்லம்மா, தங்கமான பொண்ணு. குடும்ப விஷயம். சரி, சொல்றேன், சொல்லாம நீங்க நகர மாட்டீங்க போல. மூணு வாரத்துக்கு முன்ன எங்க வீட்டு டிஸ்க் காணாம போயிடுச்சி. இதே எட்டு கேம் டிஸ்க். வீட்டுக்காரம்மா சோபாவப் பிரட்டிட்டாங்க, சாமி மேடைக்குப் பின்னால தேடிட்டாங்க, அரிசி டப்பாவுலகூட கைய விட்டுப் பாத்தாங்க. இல்ல. தனா பூச்சோங்ல இருக்கா, புருஷன் தவறிட்டாரு, பிள்ளைங்க ரெண்டும் வெளிநாடு. சனிக்கிழமையானா எங்க வீட்டுக்கு வந்திடுவா. அக்காவும் தங்கச்சியும் மத்தியானம் சாப்பிட்டுட்டு உட்கார்ந்தா பொழுது சாயிற வரைக்கும் லிஃப்ட்தான். தனாகிட்ட ஒரு பழக்கம், எங்க வீட்டுப் பொருளச் சொல்லாம எடுத்துட்டுப் போவா. குடை, டப்பா, ஒரு தடவ இடியாப்பத் தட்டு மொத்தமும். கொண்டாந்து குடுத்திடுவா, கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான். அதனால அக்காவுக்கு அவ மேல போயிடுச்சி நெனப்பு. ஒரு பேச்சு வந்துச்சி. மூணு வாரமா சனிக்கிழமை இல்ல.

எடுக்கல. தனா எடுக்கல. எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும்.

போன புதன்கிழமை எனக்கு ஃபோன் பண்றா. அத்தான், நான் எடுக்கல, ஆனா பரவால்ல, அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்திடுறேன், அக்கா பேசினா போதும், உங்களுக்குத்தான் இந்தக் கடையெல்லாம் தெரியும், கூட்டிட்டுப் போங்கன்னு. நான் என்ன பண்றது? பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், பூச்சோங்ல ரெண்டு கடை. இருக்காதுன்னு தெரிஞ்ச கடையாப் பாத்துக் கூட்டிட்டுப் போனேன். கையில லிஸ்ட்டு வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா அடிச்சிக்கிட்டே வர்றா. அப்புறம் அவளே ஃபோன் போட்டு இந்தக் கடையக் கண்டுபிடிச்சிட்டா. ஒண்ணு இருக்கு, வாங்கன்னுட்டாரு தவுக்கே. நான் மொதல்ல மேல போய்ப் புடிச்சி வைக்கிறேன், நீ காடிய வச்சிட்டு வான்னு சொல்லிட்டு ஓடி வந்தேன். வந்தா, உங்க கையில இருக்கு. கடவுளே அனுப்பின மாதிரி இருந்துச்சி.

செய்யாத தப்புக்கு அவ காசு குடுத்தா அது தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? அதான் சொல்றேன், நீங்க வாங்கிட்டீங்கன்னா அவ வந்து பாப்பா, வித்துப் போச்சின்னு சொல்லிடுவேன், கெளம்பிடுவோம். யாருக்கும் நஷ்டம் இல்ல.

தவுக்கே கையாட்டுறாரா? யாருக்கு, எனக்கா? அப்படியே நில்லுங்கம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் மறைச்சி நில்லுங்க. தெரியும், தெரியும், அடிக்கடி வர்றதுதானே. அவருக்கு எல்லா அங்கிளையும் தெரியும்.

கீறல் பயமா? நியாயமான பயம். பழைய டிஸ்க் வாங்கினா திறந்து பாக்காம வாங்கவே கூடாது. மேல பாத்தாப் போதாது, அடிப்பக்கம், லைட்டுக்கு நேராச் சாய்ச்சிப் பாக்கணும். வட்டமாக் கீறல் இருந்தா வேணாம், குறுக்க இருந்தாப் பரவால்ல. திறங்க, நானே காட்டுறேன். பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. வச்சிருந்தவங்க துணியாலதான் தொடைச்சிருக்காங்க, சட்டையால இல்ல. உள்ள விளக்கப் புத்தகமும் இருக்கா? அதையும் பிரிச்சிப் பாத்துக்கலாம், நிறைய பெட்டியில இது இருக்கிற…

என்னம்மா அது? பேப்பரா? கீழ விழுந்திடுச்சி, குடுங்க, குப்பைதான், நான் போட்டுடுறேன்.

இல்ல, நீங்களே வச்சிக்குங்க, அவசரம் ஒண்ணுமில்ல.

ஏதோ வீட்டுக் கணக்கு போல. தேதி போட்டு வரிசையா நம்பர். மார்க்கு. யாரோ விளையாடி எழுதி வச்சிருக்காங்க. மூணு பேரு. மாதவி. ஆமா, பொம்பளப் பேருதான். அடுத்தது… எழுத்து சரியாத் தெரியல எனக்கு. தனாவா? தனா எத்தனையோ பேரு இருக்காங்க இந்த ஊர்ல. மூணாவது பேரே இல்ல, இவங்கன்னு மட்டும் எழுதியிருக்கா? அது ஒண்ணுமில்லம்மா. பழைய ஆளுங்க புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க, எழுதவும் மாட்டாங்க. பேங்க்கு ஃபாரத்துல எழுதுவாங்க, வேற வழியில்லாம. வீட்டுப் பேப்பர்ல இவங்கதான்.

எல்லாத்துலயும் இவங்கதான் கடைசியா? அப்படியா? பாக்குறேன். ஆமா. ஒரு சனிக்கிழமைகூட விட்டு வைக்கல. அந்த மனுஷனுக்கு அன்னிக்கு முதுகு வலியா இருந்திருக்கும். பதினேழு சனிக்கிழமையும் வலிக்குமான்னு கேக்குறீங்க. வலிக்கலாம்மா. ராஜ்யமெல்லாம் ஆண்டு பழகினவரா இருப்பாரு, லிஃப்ட் பட்டன அமுக்கச் சொன்னா எப்படி? கீழ பாருங்க, அந்தம்மா சின்னதா எழுதியிருக்காங்க, இவங்க பாவம்னு. பாவம்னு எழுதறதுக்கு என்ன இருக்கு இதுல? ஜெயிச்சமா, சந்தோஷப்பட்டமான்னு போக வேண்டியதுதானே. வீட்டுக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இந்தப் பேப்பரக் காட்டறது, சம்பந்தி வந்தாக் காட்டறது, கேஸ் போடுற ஆளு வந்தாக்கூடக் காட்டறது. அவரு சிரிச்சாரு, நமக்குக் கேஸ் சிலிண்டர் மாத்த வந்தவரு.

அப்படிப் பாக்காதீங்கம்மா.

சரி. நான்தான். மூணாவது வரிசை நான்தான்.

கோவத்துல இல்ல, அதான் கேவலம். கோவத்துல செஞ்சிருந்தா மனுஷன்னு சொல்லலாம். ஒரு வியாழக்கிழமை, அவங்க கோயிலுக்குப் போயிருந்தாங்க. நான் ஷெல்ஃபத் தொடைச்சி, என் கேமெல்லாம் வரிசைப்படுத்தினேன், எழுத்து வரிசையில. இது மட்டும் நடுவுல நின்னுக்கிட்டு என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சி. எடுத்துப் பையில போட்டேன். இந்தக் கடையில குடுத்துட்டு, கூடக் கொஞ்சம் போட்டு ஒரு பெரிய கேம் வாங்கிட்டேன், நூறு மணி நேரம் போகுமாம். இன்னும் பிரிக்கவே இல்ல. அவங்க தேடுவாங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் தேடுவாங்க, மறந்திடுவாங்க, சின்ன கேம்தானேன்னு நெனச்சேன். விளக்கப் புத்தகத்துக்குள்ள இந்தப் பேப்பர் இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் விளக்கமே படிக்காம வித்த ஒரே கேம் இதான்.

இல்லம்மா, சொன்னா தனா சிரிக்க மாட்டா. ஒரு டிஸ்க்குதானே அங்கிள், சொல்லிட்டாப் போச்சின்னு நீங்க ஈஸியாச் சொல்றீங்க. அன்னிக்கு வீட்ல நடந்தது டிஸ்க் இல்ல. நான் ஒரு பேச்சு வந்துச்சின்னு சொன்னேன்ல? கோர்ட்டுல இப்படிச் சுருக்கினா ஜட்ஜ் என்னைத் திட்டியிருப்பாரு.

அக்கா கேட்டாங்க, நீதான எதையும் சொல்லாம எடுப்பன்னு. தனா எழுந்து போய்த் தன் கைப்பைய எடுத்துட்டு வந்து கார்ப்பெட்டுல அப்படியே கவுத்துட்டா. எல்லாம் கொட்டிச்சி. கோடாலித் தைலம், டோல் கார்டு, மடிச்சி வச்ச பிளாஸ்டிக் பை, அவ புருஷனோட பழைய மூக்குக் கண்ணாடி. அது எதுக்கு வச்சிருக்காளோ, நாங்க பாத்ததே இல்ல. பாருக்கா, நல்லாப் பாருங்கறா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? குனிஞ்சி பொறுக்கிக் குடுத்தேன். ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைச்சி அவ கையில குடுத்தேன். ரொம்ப நல்லவன் மாதிரி.

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. அந்தக் கண்ணாடிய அவ கையில குடுக்கும்போது, ரொம்ப மெதுவா, அன்பா, தெரியாம எடுத்திருந்தாலும் பரவால்ல தனா, கொண்டாந்து வச்சிடு, நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்ன்னேன்.

ஆமா. நான் சொன்னேன். இந்த வாயால.

இருபத்தெட்டு வருஷம் அடுத்தவங்க ஒத்துக்கிட்டதெல்லாம் இந்த வாய் வழியாத்தான் போச்சி. திருட்டு, அடிதடி, என்னென்னவோ. நான் செஞ்சேன், நான் செஞ்சேன்னு எத்தனை ஆயிரம் தடவ மலாய்ல சொல்லியிருப்பேன், எனக்காக ஒரு தடவகூடத் தமிழ்ல வரல. அவ நின்னு என்னைப் பாத்தா. சரி அத்தான்னா. அவ்வளவுதான் சொன்னா. செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்டா.

வேணாம்மா, நீங்க ஏன் என் கையில குடுக்குறீங்க? உங்களுக்கு வேணாமா இப்ப? முப்பத்தொம்பது வெள்ளிக்கு இத விட நல்லது கெடைக்காது, அது மட்டும் சத்தியம். மாமியார் என்ன ஆவாங்க? வாங்கிக்குங்கம்மா, பின்பக்கம் படி இருக்கு, அப்படியே இறங்கிட்டா மோட்டர் வைக்கிற எடத்துக்கே போயிடலாம். தயவுசெஞ்சி. இது என் கையில இருந்தா நான் என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் சோபா இடுக்குல சொருகி வச்சிட்டு, அட, இங்கதான் இருந்திருக்குன்னு கத்துவேன். நல்லாச் செய்வேன், எல்லாரும் நம்புவாங்க. தனாகூட நம்புவா.

தெரியுது, வந்துட்டா. பச்சை சுடிதார், அவதான். மூச்சு வாங்குது பாருங்க, எஸ்கலேட்டர் ஓடல போல.

நீங்க போகாதீங்கம்மா. கொஞ்சம் நில்லுங்க. யாரும் இல்லன்னா நான் வேற ஏதாவது சொல்லிடுவேன்.

வா தனா. பார்க்கிங் கெடைச்சிச்சா? இவங்க மேருல இருந்து வந்திருக்காங்க. இல்ல, கைப்பையத் திறக்காத. வேணாம், மூடு. இது அதே மாதிரி டிஸ்க் இல்ல தனா. அதே டிஸ்க். நான்தான் கொண்டாந்து வித்தேன்.